காருக்குக் கதவடைத்த நெடுஞ்சாலை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒவ்வொரு மாநில நெடுஞ்சாலைக்கும் ‘எம்’ என்ற எழுத்தோடு ஓர் எண் உண்டு. அந்த வரிசையில் எம்-185 எட்டு மைல் நீளம். நம் கணக்கில் 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹியூரான் ஏரியில் இருக்கும் மாக்கினா தீவைக் கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது. வேறெந்த மாநில நெடுஞ்சாலையையும் அது தொடுவதில்லை. அதில் கார் ஓடாது. லாரியும் பஸ்ஸும் பைக்கும் ஓடா. சைக்கிள், குதிரை வண்டி, நடப்பவர் கால் ஆகியவற்றுக்கு மட்டுமே அது சாலை. மோட்டார் வாகனத்துக்குத் தடை உள்ள ஒரே அமெரிக்க மாநில நெடுஞ்சாலை என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இந்தப் பெயர் வந்தபின் அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். காலம் உறைந்துபோன சாலை, குதிரைக் குளம்பொலி மாறாத சாலை, கார் இல்லாமலும் வாழலாம் என்று உலகுக்குக் காட்டிய சாலை. சுற்றுலாக் கையேடு அப்படி எழுதுவதில் வியப்பில்லை. நகரத்தில் போக்குவரத்து நெரிசலைக் கண்டு நொந்துபோனவர்கள், சாலைகளைப் பற்றி யோசித்துப் பேசுகிறவர்கள் ஆகியோரும் அதையே சொல்லும்போதுதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. இந்தச் சாலை புகழுக்கு உரியதுதானா? உரியதென்றால் எதற்காக? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகழுக்கு உரியது, ஆனால் புகழ்கிறவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி நிற்காது. அவர்கள் கண்ணில் படாத ஒரு காரணம்தான் அந்தச் சாலையை இன்றுவரை தாங்கி நிற்கிறது.

முதலில் பாதை. தீவின் தென்கிழக்கில் துறைமுகம். படகிலிருந்து இறங்கினால் கால் படுவது கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவே எம்-185தான். இனிப்புக் கடை, சைக்கிள் வாடகைக் கடை, தங்கும் விடுதி, வரிசையாக நிற்கும் குதிரை வண்டி. ஊருக்குள் அதற்கு முதன்மைத் தெரு என்று பெயர். ஊரைத் தாண்டியதும் ஏரிக்கரைச் சாலை என்று பெயர் மாறிக்கொள்கிறது. கிழக்கே திரும்பினால் தலைக்கு மேலே மேட்டில் வெள்ளைச் சுவர்களோடு மாக்கினா கோட்டை. அதன் காலடியில் பூங்காப் புல்வெளி, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார் மார்க்கெட்டின் சிலை. இன்னும் கொஞ்சம் போனால் மிஷன் முனை. அதன் பிறகு வீடுகள் குறைந்து, ஒருபுறம் நீரும் மறுபுறம் சுண்ணாம்புப் பாறைச் சரிவும் மட்டும் மிஞ்சுகின்றன.

கிழக்குக் கரையில்தான் இந்தச் சாலையின் ஒரே நாடகக் காட்சி. ஆர்ச் ராக் என்ற இயற்கைப் பாறை வளைவு, நீர்மட்டத்திலிருந்து சுமார் 146 அடி உயரத்தில். மேலே பூங்காவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு சட்டம். அதற்குள் நீல ஏரி தெரியும். கீழே சாலையிலிருந்து பார்ப்பவருக்கு நேர் எதிர்: பாறையில் விழுந்த ஓட்டை, அதற்குள் வானம். சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டுப் படியேறுகிறவர்கள் பாதியில் மூச்சு வாங்கி நிற்பது அன்றாடக் காட்சி. அதற்கு வடக்கே சாலை அமைதியாகிவிடுகிறது. தேவதாரு வகை மரங்கள், கூழாங்கல் கரை, அடி தெரியும் தெளிந்த நீர். வடமுனையைச் சுற்றி மேற்கே இறங்கினால் ‘பிரிட்டிஷ் இறங்குதுறை’. அதன் தெற்கே, சாலையோரத்திலேயே அலை குடைந்த சிறு குகைகள்; பிசாசின் அடுப்படி என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் மாக்கினா பாலம். 1957இல் திறந்த ஐந்து மைல் நீளத் தொங்குபாலம். அதன் மேல் கார்களும் லாரிகளும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். பிறகு ஊர், மறுபடி கடைத்தெரு.

பாதை என்ற அளவில் இது மிக நேர்த்தியானது. எட்டு மைலுக்கும் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சாலை எங்கும் நீரை விட்டு விலகுவதில்லை. பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே வாடகைக் கடையில் சைக்கிள் எடுத்து ஒன்றாகச் சுற்றி வரலாம். ஆனால் இந்த நேர்த்திக்கு ஒரு விலை உண்டு. தீவின் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலம் மாநிலப் பூங்கா. காடும் மேடும் பழைய கோட்டை மண்சுவரும் எல்லாம் நடுவில் இருக்கின்றன. சாலை விளிம்பிலேயே ஓடி முடிந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி முடித்தவர் தீவைப் பார்த்துவிட்ட நிறைவோடு படகேறுகிறார். பார்த்ததோ ஓரம் மட்டும். திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவருக்கு நடுவில் நிற்கும் மலைதான் பொருள், சுற்றுவது அதற்காக. இங்கே நடுவில் இருப்பதை மறந்துவிட்டுச் சுற்றலாம், அப்படித்தான் பெரும்பாலோர் சுற்றுகிறார்கள். இது சாலையின் குற்றம் இல்லை என்று வாதிடலாம். ஆனால் தீவுக்கு வருகிறவரை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை முடிவு செய்வது சாலைதானே.

இப்போது வரலாறு. காலம் உறைந்த சாலை என்ற பேச்சு இங்கேதான் முதலில் சறுக்குகிறது. இந்தத் தீவில் மனிதர் வாழ்ந்த காலம் மிக நீண்டது. அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களுக்கு இது புனித நிலம். இறந்தோரைப் புதைத்த நிலம். அவர்களுக்கும் பின்னால் வந்த பிரெஞ்சு, பிரிட்டிஷ் மென்மயிர்த் தோல் வணிகர்களுக்கும் கரையோரச் சாலை தேவைப்படவில்லை. அவர்களுக்குச் சாலை ஏரிதான், வாகனம் பட்டைப்படகு. கரை என்பது படகை இழுத்துப் போடும் இடம், அவ்வளவே. 1780களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் எதிர்க்கரையிலிருந்த கோட்டையைத் தீவு மேட்டுக்கு மாற்றினார்கள். பிறகு ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் தோல் கம்பெனி இங்கே கடை விரித்துச் செழித்தது, ஓய்ந்தது. இவை எதுவும் இந்தச் சாலையை உண்டாக்கவில்லை.

பிரிட்டிஷ் இறங்குதுறையின் கதையே இதற்குச் சாட்சி. 1812 ஜூலையில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்ட செய்தி கோட்டையிலிருந்த அமெரிக்கத் தளபதிக்கு வந்து சேரவே இல்லை. பிரிட்டிஷ் படையும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிப் போர்வீரர்களும் இரவோடு இரவாகத் தீவின் மறுபுறத்தில் இறங்கினார்கள். கரையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. பீரங்கியை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்து, கோட்டைக்கு மேலே உள்ள உயரத்தை விடியுமுன் பிடித்துவிட்டார்கள். கோட்டை சண்டையே இல்லாமல் சரணடைந்தது. 1814இல் அமெரிக்கர்கள் அதே இடத்தில் இறங்கி அதே வேலையைச் செய்யப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார்கள். இன்று அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்திக் குளிர்பானம் குடிக்கிறவர் ஒரு போர்ச் சாலையில் போகவில்லை. போர் போன வழி அவருக்கு முதுகுப் பக்கம், தீவின் உள்ளே இருக்கிறது.

சாலையை உண்டாக்கியது விடுமுறை. 1875இல் அமெரிக்க அரசு தீவின் பெரும்பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கியது. யெல்லோஸ்டோனுக்கு அடுத்து இரண்டாவது அதுதான். 1895இல் அது மாநிலத்தின் கைக்கு மாறி மிச்சிகனின் முதல் மாநிலப் பூங்கா ஆனது. இடையில் 1887இல் இரண்டு ரயில் கம்பெனிகளும் ஒரு நீராவிக் கப்பல் கம்பெனியும் சேர்ந்து கிராண்ட் ஹோட்டலைக் கட்டின. ரயிலிலும் கப்பலிலும் வந்து இறங்கும் பணக்காரக் குடும்பங்களுக்கு மாலையில் வண்டியேறி உலாப்போக ஒரு வழி வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கரைச்சாலை துண்டு துண்டாக வளர்ந்தது. ரயிலும் நீராவிக் கப்பலும் பெற்ற பிள்ளை இது. இதைப் பழமையின் சின்னம் என்பது, மாமல்லபுரத்துக் கடற்கரையில் போட்ட கான்கிரீட் நடைபாதையைப் பல்லவர் காலத்தது என்பதற்குச் சமம்.

சரி, தடை எப்படி வந்தது? 1898இல் தீவுக் கிராமத்தின் மன்றம் குதிரையில்லா வண்டிகளை ஊருக்குள் ஓட்டக்கூடாதென்று தீர்மானம் போட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பூங்கா நிர்வாகமும் தன் நிலத்தில் அதே தடையைப் போட்டது. காற்று கெடும், அமைதி குலையும் என்ற கவலை அன்று யாருக்கும் பெரிதாக இல்லை. எஞ்சின் சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அவர்கள் பிழைப்பும் அதில் அடங்கியிருந்தது. ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் தங்கள் போட்டியாளரை ஊருக்குள் விடாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. அதைச் சுற்றுச்சூழல் ஞானமாக இன்று மெழுகிப் பூசுவது பிறகு செய்த வேலை.

இதைச் சொல்வதால் தடை தாழ்ந்துவிடாது. ஒரு விதி எந்த நோக்கத்தில் பிறந்தது என்பது வேறு. இன்று என்ன செய்கிறது என்பது வேறு. ஆனால் பிறந்த ஆண்டைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். 1898! ஹென்றி ஃபோர்டின் கம்பெனி தொடங்கியது 1903இல். அவருடைய மாடல் டி வந்தது 1908இல். டெட்ராய்ட்டில் உட்வர்ட் சாலையில் ஒரு மைலுக்குக் கான்கிரீட் போட்டு, நாட்டிலேயே முதல் என்று கொண்டாடியது 1909இல். சாலை நடுவே கோடு போடும் வழக்கமும் அதே மிச்சிகனில்தான் 1911இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். மூன்று வண்ண சிக்னல் விளக்கு 1920இல் டெட்ராய்ட்டில் வந்தது. உலகுக்குக் காரையும் கார்ச்சாலையையும் கொடுத்த மாநிலம் அது. அங்கே ஒரு தீவு காரை மறுத்தது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீவு காரோடு பழகிப் பார்த்து, சலித்துப்போய், போதும் என்று விடவில்லை. கார் உள்ளே குடியேறுமுன்பே கதவைச் சாத்திக்கொண்டது. வீட்டோடு கார் நிறுத்துமிடம், அகலத் தெரு, பெட்ரோல் பங்க், பத்து மைல் தள்ளி ஒரு வேலை, இவை எதுவும் அங்கே முளைக்கவே இல்லை. முளைத்த ஊரில் அவற்றைப் பிடுங்குவது எப்படி என்பதற்கு இந்தத் தீவிடம் பதில் கிடையாது. கார் இல்லா நகரத்துக்கு முன்மாதிரி என்று இதைக் காட்டுகிறவர்களின் வாதம் முதலில் உடைவது இங்கேதான்.

இரண்டாவது உடைப்பு இன்னும் கண்ணெதிரே கிடக்கிறது. கோடையில் படகேறுவதற்கு முன் எதிர்க்கரை ஊர்களான மாக்கினா சிட்டியிலோ செயின்ட் இக்னஸிலோ நின்று பார்த்தால் போதும். தீவுக்கு வருகிறவர்களின் கார்கள் அந்தக் கரைகளில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. ஆண்டுக்குப் பத்து லட்சத்தை ஒட்டி ஆட்கள் வருவதாகச் சொல்கிறார்கள். தீவில் குடியிருப்பவர்களோ 2020 கணக்கெடுப்பின்படி 583 பேர். வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பல நூறு மைல் காரோட்டி வந்து, டீசல் படகேறி, அங்கே போய்க் கார் இல்லாத காற்றைச் சுவாசிக்கிறார்கள். அந்தக் காற்று பொய்யில்லை. அதை வாங்கப் போன வழிதான் கணக்கில் வருவதில்லை. மாக்கினா பாலமும் எம்-185உம் எதிரெதிர் என்று எழுதுகிறவர்கள், பாலத்தில் வரும் கார்களும் இந்தச் சாலைக்குக் கூட்டம் சேர்க்கின்றன என்பதை எழுதுவதில்லை.

விபத்தில்லா நெடுஞ்சாலை என்று இதற்குச் சிலர் சொல்லும் பெருமையை நான் எடைபோடவே மாட்டேன். கார் ஓடாத இடத்தில் கார் மோதவில்லை என்பதில் சாதனை என்ன இருக்கிறது. முதல் முறை சைக்கிள் ஏறுகிறவர்களும் மூன்று பேர் பக்கவாட்டில் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர்களும் நிறைந்த சாலையில் முட்டி தேய்வதற்குப் பஞ்சமே இருக்காது. மோட்டாரே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி உண்டு. கட்டுமான இயந்திரம் அனுமதியோடு வரும். பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் ஓடலாம். தீவுக்காரர்கள் அதில்தான் கடைக்குப் போகிறார்கள். தீவுக்கும் எதிர்க்கரைக்கும் இடையிலுள்ள நீரிணை உறைந்தால் பனிமேல் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை நட்டு வழி குறித்து, அதே வண்டியில் செயின்ட் இக்னஸ் வரை போய்வருவார்கள். கிராண்ட் ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்தில் கோல்ஃப் வண்டி ஓடும். ஆனால் மைதானத்தின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு ஆட்டக்காரர்கள் குதிரை வண்டியில் போகவேண்டும். விதி என்றால் இப்படித்தான், ஓரங்களில் கொஞ்சம் கிழிந்துதான் இருக்கும். அது எனக்குக் குறையாகப் படவில்லை.

குறையாகப் படுவது வேறு. மோட்டாரை எடுத்துவிட்டால் அது செய்த வேலை காற்றில் கரைந்துவிடாது. வேறொரு முதுகுக்கு மாறும். காலை நேரத்தில் துறைமுகத்தில் சரக்குப் படகு வந்து நிற்கும்போது இதைப் பார்க்கலாம். பால், ரொட்டி, பீர்ப் பீப்பாய், ஹோட்டல் படுக்கை விரிப்பு மூட்டை, சிமெண்ட், தபால் பொட்டலம், எல்லாம் தட்டையான நீள வண்டிகளில் ஏறுகின்றன. பெல்ஜியன், பெர்ஷரான் இனத்துப் பெருங்குதிரைகள் ஜோடியாக இழுக்கின்றன; ஒன்றின் எடை 700, 800 கிலோவுக்குக் குறையாது. திரும்பும்போது அதே வண்டியில் குப்பை. கோடையில் தீவில் 600 குதிரை வரை இருக்கும். குளிர் தொடங்கும் முன் பெரும்பாலானவை படகேறி எதிர்க்கரைப் பண்ணைகளுக்குப் போய்விடும். இத்தனை குதிரை நடக்கும் தெருவில் லத்தி விழாமல் இருக்காது. முறமும் துடைப்பமும் தள்ளுவண்டியுமாக ஆட்கள் நாள் முழுக்க அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். புகைப்படத்தில் அவர்கள் விழுவதில்லை. சமையல், படுக்கை விரிப்பு, துப்புரவு போன்ற பருவகால வேலைகளுக்கு ஜமைக்கா முதலான நாடுகளிலிருந்து தற்காலிக விசாவில் ஆள் வருகிறது. எளிய வாழ்க்கை என்று சுற்றுலாப் பயணி ரசிப்பது, சரியாகச் சொன்னால், ஆள்பலம் மிகுந்த வாழ்க்கை.

இந்தியாவில் மாத்தேரான் மலைவாசத்தலத்திலும் மோட்டாருக்குத் தடை உண்டு. அங்கே குதிரையோடு மனிதனும் ரிக்‌ஷா இழுத்தான். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் இழுப்பதை நிறுத்தவேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது; மாற்றாக மின்சார ரிக்‌ஷா. மாக்கினாவில் இழுப்பது குதிரை என்பதால் அந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையாக எழவில்லை. ஆனாலும் மோட்டார் இல்லாமை தன்னளவிலேயே நல்லறம் ஆகிவிடாது என்பதற்கு மாத்தேரான் போதும்.

இவ்வளவு கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? நான் முதலில் சொன்ன அந்தக் கவனிக்கப்படாத காரணம்: 1933இல் இந்தச் சாலைக்கு விழுந்த எண்.

பலர் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கும் போகாத, எதையும் இணைக்காத, கார் ஓடாத ஒன்றுக்கு நெடுஞ்சாலை என்று பட்டம். எம் எழுத்துப் போட்ட வைர வடிவப் பலகை, மைலுக்கு மைல் கல். பலகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ள நல்ல பொருள். ஆனால் எண் விழுந்ததும் அந்தச் சாலை ஊராட்சியின் தெருவாகவோ பூங்காவின் நடைபாதையாகவோ இல்லாமல் மாநிலத்தின் பொறுப்பாகிவிட்டது. மிச்சிகனில் 1951ஆம் ஆண்டின் 51ஆம் சட்டப்படி எரிபொருள் வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் சேர்ந்த நிதியிலிருந்துதான் மாநில நெடுஞ்சாலைகளுக்குப் பணம் பிரிகிறது. அதாவது டெட்ராய்ட்டில் ஒருவர் காருக்குப் பெட்ரோல் போடும்போது கட்டும் வரியில்தான் கார் ஓடாத இந்தச் சாலை வாழ்கிறது. கேட்டால் முரணாகத் தோன்றும். என் பார்வையில் இது முரண் இல்லை, நியாயம். சாலை என்பது எஞ்சினுக்குப் போடுவது என்று நினைத்தால்தான் முரண். ஆள் போகப் போடுவது என்றால், சைக்கிளில் போகிறவனும் பொதுப் பணத்துக்குச் சம உரிமையுள்ளவன். பெருமந்தக் காலத்தின் நடுவே ஒரு மாநிலம் இதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது என்பது, 1898இன் தடையைவிட எனக்குப் பெரிய செயலாகத் தெரிகிறது. தடை போட ஒரு தீர்மானம் போதும். பராமரிக்க ஒவ்வோராண்டும் கைக்காசு வேண்டும்.

அதன் மதிப்பு என்ன என்பதை ஏரி வந்து காட்டியது. மிச்சிகன் ஏரியும் ஹியூரான் ஏரியும் இந்த நீரிணையில் இணைந்திருப்பதால் இரண்டுக்கும் ஒரே நீர்மட்டம். 2013 ஜனவரியில் அது பதிவான காலத்திலேயே மிகக் கீழே இறங்கியது. அடுத்த ஏழே ஆண்டுகளில் ஆறடிக்கும் மேல் ஏறி, 2020இல் மாதத்துக்கு மாதம் உயர்நிலைச் சாதனையை உடைத்தது. நீரை விட்டு விலகாமல் ஓடுவதுதான் இந்தச் சாலையின் அழகு என்று மேலே சொன்னேன். அந்த அழகே அதற்கு எமனாயிற்று. புயல் அலை தாரின் ஓரத்தைக் கடித்தது. அடியிலிருந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. மேலே தார்ப்பாளம் மட்டும் உதடுபோல் துருத்தி நின்றது. சில இடங்களில் சாலையின் அகலத்தில் ஒரு பகுதியே மீந்தது. கூழாங்கற்களும் மரத்துண்டுகளும் மைல் கணக்கில் சாலைமேல் ஏறிக் கிடந்தன.

குதிரை வண்டியால் இதைச் சரிசெய்ய முடியாது. படகில் கனரக இயந்திரங்கள் வந்தன. பாறாங்கல் படகு படகாக வந்து கரையில் அடுக்கப்பட்டது. சாலையை உயர்த்திப் போட்டார்கள். 2021இல் சுற்றுப்பாதை மறுபடி முழுதாகியது. 583 பேர் கொண்ட ஊர் தன் வரியில் இதைச் செய்திருக்க முடியுமா? விடுதிக்காரர்கள் சேர்ந்து செய்திருக்கலாம். செய்திருந்தால் சாலை அவர்களுடையதாகி, நுழைவுச் சீட்டும் முளைத்திருக்கும். மாநில நெடுஞ்சாலைத் துறை தன் சாலை என்று செய்தது. காலம் உறைந்த சாலை என்று பாடுகிறவர்களுக்கு இந்த இயந்திரங்கள் நெருடலாக இருந்திருக்கும். எனக்கு இந்தச் சாலையின் வரலாற்றிலேயே நேர்மையான அத்தியாயம் இதுதான். மோட்டார் உலகம் தன் பணத்தையும் பொக்லைனையும் கொண்டுவந்து வைத்து, வேலை முடிந்ததும் படகேறித் திரும்பிப் போயிற்று.

தடையின் உறுதி குலைந்ததும் அதை ஒட்டித்தான். 2019 செப்டம்பரில் துணை அதிபர் மைக் பென்ஸ் கட்சிக் கூட்டத்துக்காகத் தீவுக்கு வந்தபோது, எட்டு வாகனங்கள் கொண்ட அணிவகுப்பு தீவுத் தெருவில் ஓடியது. 1975இல் அதிபர் ஃபோர்டு வந்தபோது குதிரை வண்டியில்தான் போனார், பெயரே ஃபோர்டு. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். பாதுகாப்பு 1975இலும் இருந்ததுதான். அதிபர் கென்னடி சுடப்பட்டுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நாள் எட்டு கார் ஓடியதால் ஏரி வற்றிவிடவில்லை, உண்மை. ஆனால் இந்த விதிக்கு இருந்த கம்பீரமே அது ஆள் பார்க்காது என்பதில்தான். பெரிய மனிதருக்கு வளைந்த விதி நாளை பெரிய ஹோட்டலுக்கும் வளையும் என்று தீவுக்காரர்கள் கொதித்ததை நான் வெறும் உணர்ச்சி வேகம் என்று ஒதுக்கமாட்டேன்.

இன்றைய சோதனை மின்சார சைக்கிள். நடமாடுவதில் குறைபாடு உள்ளவர்கள், மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும் முதல் வகையைக் கொண்டுவரலாம், மற்றவர்களுக்கு இல்லை. இந்த எல்லைக்கோட்டை எதை வைத்துக் கிழித்தார்கள்? குதிரை மிரளும் என்றால் மின்சார சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. புகை என்றால் அதுவும் இல்லை. மோட்டார் இருப்பதே பாவம் என்றால் ஸ்னோமொபைல் எப்படி? 1898இன் காரணங்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. ஆனாலும் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்பேன், வேறொரு காரணத்துக்காக. குழந்தையும் குதிரையும் முதியவரும் ஒரே தார்ப்பட்டையில் போகும் சாலையில் ஒருவர் மட்டும் உழைக்காமல் இரண்டு மடங்கு வேகத்தில் போனால் மற்ற மூவரும் ஓரத்துக்கு ஒதுங்கவேண்டிவரும். மற்ற எல்லா நெடுஞ்சாலைகளிலும் நடந்தது அதுதான். நடமாட முடியாதவருக்கு விலக்கு தருவதில் அந்தச் சிக்கல் இல்லை. அவர் யாரையும் ஒதுக்கப் போவதில்லை. இந்தக் காரணத்தைப் பூங்கா நிர்வாகமும் நகர மன்றமும் வெளிப்படையாக எழுதி வைத்துவிடலாம். குதிரையின் பெயராலும் பழமையின் பெயராலும் தடையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால், அடுத்து சத்தமில்லாத, புகையில்லாத மின்சாரச் சரக்கு வண்டியோடு யாராவது துறைமுகத்தில் வந்து இறங்கும்போது அவர்களிடம் சொல்ல மறுமொழி இருக்காது.